ஷட்டர் மக்கர் பண்ணுதா? முதலில் காடியைப் பாருங்கள்

மேட்டூர் திறக்கும் தேதி பேப்பரில் வந்த மறுநாளிலிருந்து என் பட்டறைக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். கோடை முழுக்க யாரும் திரும்பிப் பார்க்காத ஷட்டர், ஜூன் 12 நெருங்கினால் எல்லோர் கண்ணிலும் படும். "தம்பி, ஷட்டர் மக்கர் பண்ணுது, வந்து பாரு." இவ்வளவுதான் சொல்வார்கள். என்ன மக்கர் என்று துருவிக் கேட்டால்தான் ஒவ்வொன்றாக வரும். தூக்க முடியவில்லை, மூடினாலும் ஒழுகுகிறது, ராடு வளைந்துவிட்டது, ஹேண்டிலையே காணோம்.

வாய்க்கால் தலைப்பிலும் கிளை வாய்க்கால் மடையிலும் இருக்கிற சின்ன ஷட்டர்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அகலம் இரண்டடியிலிருந்து நாலடி, முட்டி நிற்கும் தண்ணீர் மூன்று மூன்றரை அடி, காடிக்குள், அதாவது இரண்டு பக்கச் சுவரிலும் உள்ள நெடுக்குப் பள்ளத்துக்குள், சறுக்கி ஏறி இறங்கும் இரும்புக் கதவு, மேலே திருகு. ஸ்பிண்டில், ராடு என்று சொல்வதும் இந்தத் திருகுக் கம்பியைத்தான். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பு இருக்கிறதே, வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிற இடம், அந்த மாதிரிப் பெரிய ரெகுலேட்டர் வேறு கதை. சின்னதே ஆனாலும் அரசுத் துறைக்குச் சொந்தமான ஷட்டரில், அதைத் திறந்து மூடும் துறை ஊழியரான லஸ்கருக்குத் தெரியாமல் ஸ்பேனர் வைக்காதீர்கள். நாளைக்குக் கரை உடைந்தால் உங்கள் பேர்தான் வரும்.

எல்லோரும் கதவைத்தான் திட்டுகிறார்கள். நான் கழற்றிப் பார்த்தவரை கதவு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கோளாறு அது ஓடும் காடியிலும், அது உட்காரும் அடிச்சட்டத்திலும் இருக்கும். புதுக் கதவு அடித்துத் தரச் சொல்லி வந்தவர்களைக் காடியைச் செப்பனிடச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வியாபாரத்துக்கு அது நல்லதில்லை, என்ன செய்ய.

தூக்க முடியவில்லை, அல்லது பாதியில் இறுகி நின்றுவிடுகிறது

தண்ணீர் முட்டும்போது மட்டும் இறுகுகிறதா, வாய்க்கால் காய்ந்து கிடக்கும்போதும் இறுகுகிறதா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

காய்ந்திருக்கும்போதும் இறுகினால், கதவையும் ஸ்பிண்டிலையும் இணைக்கிற பின்னைக் கழற்றுங்கள். இப்போது ஹேண்டிலைச் சுற்றிப் பாருங்கள். ஸ்பிண்டில் மட்டும் லேசாக ஏறி இறங்கினால் திருகில் குற்றமில்லை. அடுத்து ஒரு செயின் பிளாக்கை மேலே மாட்டிக் கதவை மட்டும் தூக்குங்கள். எழுபது கிலோக் கதவு நூறு கிலோ இழுப்புக்கே வரவில்லை என்றால் காடி பிடிக்கிறது. எந்த உயரத்தில் பிடிக்கிறது என்று சாக்பீஸால் சுவரில் கோடு போட்டுவிடுங்கள். அந்தக் கோட்டுக்கு நேராகத்தான் காடி உள்ளே பிதுங்கியிருக்கும்.

நான் அடித்த முதல் ஷட்டரே இப்படித்தான் ஆயிற்று. காடிக்கான இரும்புச் சேனலைக் கம்பியோடு கட்டி நிறுத்தி, சுவரையும் காடியையும் ஒரே தடவையில் கான்கிரீட் போடச் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். கொத்தனார் பேரில் தப்பில்லை. பலகை அடைப்புக்குள் கான்கிரீட்டைக் குத்திக் குத்தி நிரப்பும்போது சேனல் நடுவில் உள்ளே நகர்ந்துவிட்டது. மேலேயும் கீழேயும் அளவு சரி, நடுவில் எட்டு மி.மீ. குறைவு. கதவைப் போட்டதும் பாதி தூரம் இறங்கி, ஆப்பு அடித்த மாதிரி உட்கார்ந்துகொண்டது. சம்பா முழுக்க அந்த மடையில் மணல் மூட்டைதான் ஷட்டர்.

அதற்குப் பிறகு காடியை இரண்டு கட்டமாகத்தான் செய்கிறேன். சுவர் எழும்பும்போது காடி வரும் இடத்தில் ஆறு அங்குலத்துக்குக் குறையாமல் வெற்றிடம் விட்டு, அதில் கம்பிகளை நீட்டி வைக்கச் சொல்வேன். சுவர் இறுகி இரண்டு வாரம் கழித்து, சேனலை அந்தக் கம்பிகளில் போல்ட் போட்டு நிறுத்தி, தூக்குக்குண்டு விட்டு, மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் அகலம் அளந்து, இரண்டு சேனலும் ஒன்றுக்கொன்று முறுக்கிக்கொள்ளாமல் ஒரே தளத்தில் நிற்கிறதா என்று மூலைக்கு மூலை நூல் பிடித்து, அதற்கப்புறம்தான் பொடிஜல்லிக் கான்கிரீட். கதவுக்கும் காடிக்கும் பக்கத்துக்கு ஐந்து ஆறு மி.மீ. இடைவெளி வேண்டும். "டைட்டா இருந்தாத்தானே ஒழுகாது" என்பார்கள். ஒழுகாமல் இருப்பது ரப்பரின் வேலை, இடைவெளியின் வேலை இல்லை.

இனி, காய்ந்திருக்கும்போது லேசாக ஓடி, தண்ணீர் முட்டினால் மட்டும் இறுகும் ஷட்டர். இங்கே கொஞ்சம் கணக்குப் பார்க்கவேண்டும். மூன்றடி அகலக் கதவு, அதாவது 90 செ.மீ. என்று வையுங்கள். முன்னால் 1 மீட்டர் தண்ணீர், பின்னால் ஒன்றுமில்லை. கதவின் மேல் தண்ணீர் தரும் பாரம் 450 கிலோ. உயரத்தை உயரத்தால் பெருக்கி, அகலத்தால் பெருக்கி, பாதியாக்கினால் டன்னில் கிடைத்துவிடும். இதில் கவனிக்க வேண்டியது அந்த இரட்டைப் பெருக்கல். இரண்டேகால் அடி தண்ணீர் மூன்றேகால் அடியானால் பாரம் ஒரு மடங்குக்கு மேல் கூடிவிடும். நேற்றுச் சுற்ற முடிந்த ஷட்டர் இன்று முடியவில்லை என்றால் பேய் பிடிக்கவில்லை, தண்ணீர் ஒரு அடி ஏறியிருக்கிறது.

இந்த 450 கிலோவும் கதவைக் காடியின் பின்பக்கத்தோடு அழுத்துகிறது. கதவைத் தூக்க இவ்வளவும் வேண்டாம், உராய்வை வென்றால் போதும். துருப்பிடித்த இரும்பின் மேல் இரும்பு உரசினால் பாரத்தில் பாதி போகும்: 225 கிலோ. கதவின் சொந்த எடை, 6 மி.மீ. பிளேட்டும் நாலு ஆங்கிளும் சேர்ந்து, சுமார் 70. ஆகத் தூக்க வேண்டியது 300 கிலோ. அதே இடத்தில் ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் பட்டை ஓடினால் உராய்வு ஐந்தில் ஒரு பங்குதான். 90ம் 70ம் 160 கிலோ. பாதிக்குப் பாதி மிச்சம்.

ரப்பரோ நேர் எதிர். ஈர ரப்பர் இரும்பில் ஒட்டிக்கொண்டால் தூக்கும் உராய்வு, முட்டும் பாரத்தையே தாண்டும். ஒழுகுகிறது என்று கதவின் இரண்டு பக்கமும் டயர் ரப்பரைத் தடிமனாக வைத்து போல்ட் போட்டுவிடுவார்கள். இப்போது 450 கிலோவும் ரப்பர் மேலேயே உட்காரும். தூக்க 600 கிலோ வேண்டும். ஒழுகல் நின்றது, ஷட்டரும் நின்றது. பாரத்தைத் தாங்குவது பிளாஸ்டிக் பட்டையாகவோ நன்றாக மழித்த இரும்புப் பட்டையாகவோ இருக்கட்டும். ரப்பர் அந்தப் பட்டையைவிட இரண்டு மூன்று மி.மீ. மட்டும் எட்டிப் பார்க்கட்டும். தண்ணீர் அழுத்தும்போது ரப்பர் அந்த அளவுக்கு அமுங்கி, மிச்சப் பாரம் பட்டைக்குப் போய்விடும். இந்த இரண்டு மி.மீ. கணக்கைச் சரியாக வைத்தவன் ஷட்டர் பத்து வருடம் ஓடும்.

ஹேண்டில் பக்கம் பார்த்தால், 40 மி.மீ. ஸ்பிண்டில், புரிக்குப் புரி 7 மி.மீ., கைப்பிடி நீளம் ஓரடி என்று வைத்தால், கிரீஸ் போட்ட திருகில் 300 கிலோவைத் தூக்கக் கைக்கு ஆறு கிலோ விசை போதும். திருகு துருப்பிடித்திருந்தால் இது இரண்டு மடங்காகும். ரப்பரும் சேர்ந்து பிடித்தால் இருபதைத் தாண்டும். பத்துப் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் கேட்கும் ஷட்டர் சரியான ஷட்டர் இல்லை என்பது என் கணக்கு. ராத்திரி மழையில், ஒரு கையில் டார்ச்சோடு, தனி ஆளாக வருகிறவன்தான் அதைச் சுற்றப்போகிறான்.

ஒன்று மறந்தேன், வண்டல். ஜனவரியில் மூடியது ஜூன் வரை அசையவில்லை என்றால் காடியின் அடியில் வண்டல் களிமண்ணாக இறுகியிருக்கும். கடப்பாரையால் குத்தினால் சேனல்தான் நெளியும். டீசல் மோட்டாரின் ஓஸை மெல்லிய குழாயில் மாட்டிக் காடிக்குள் பீய்ச்சுங்கள், கரைந்துவிடும்.

ஒரு பக்கம் ஏறுகிறது, ஒரு பக்கம் தொங்குகிறது

வீட்டில் பழைய மேசை டிராயரை ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்திருப்பீர்கள். கோணி நின்றுகொள்ளும். அதேதான் இது. கதவு அகலமாகவும் உயரம் குறைவாகவும் இருந்து நடுவில் ஒரே ஸ்பிண்டில் போட்டால், ஒரு பக்கம் கொஞ்சம் கூடப் பிடித்தாலும் கோணிக்கொள்ளும். அகலம் உயரத்தைப்போல ஒன்றரை மடங்கைத் தாண்டினால் நான் இரண்டு ஸ்பிண்டில் போட்டு மேலே ஒரே ஷாப்ட்டில் இணைத்துவிடுவேன். இருக்கிற ஷட்டரில் அது முடியாதென்றால், காடிக்குள் ஓடும் பக்கச் சட்டத்தை மட்டும் கதவுக்கு மேலே ஒரு அடி நீட்டி வெல்டிங் வையுங்கள். காடியில் பிடிப்பு நீளமானால் கோணல் குறையும். செலவு ஒரு துண்டு ஆங்கிள்தான்.

மூடினாலும் ஒழுகுகிறது

"கொஞ்சம் கசிஞ்சா என்ன இப்போ" என்று விட்டுவிடுகிறவர்களுக்காக ஒரு கணக்கு. அதே மூன்றடிக் கதவு, அதே ஒரு மீட்டர் தண்ணீர். கதவின் அடிக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவே 3 மி.மீ. சந்து, இரண்டு ஐந்து ரூபாய் நாணயத்தை அடுக்கிய தடிமன்கூட இல்லை. அதன் வழியாக வினாடிக்கு ஏழு லிட்டர் போகும். ஒரு நாளைக்கு ஆறு லட்சம் லிட்டர். நடவு வயலுக்கு நாளைக்கு ஒரு செ.மீ. தண்ணீர் என்று வைத்தால் பதினைந்து ஏக்கருக்கான தண்ணீர் அது. முறைப்பாசனம் வைத்து, நாள் பிரித்து, ஆள் போட்டுக் காவல் காக்கிற ஊரில், மேல்மடைக்காரர் மூடிய ஷட்டர் வழியாகக் கடைமடைக்காரரின் ஒரு நாள் பங்கு இப்படிப் போய்விடும். அப்புறம் சண்டை வராமல் என்ன செய்யும்.

எங்கே ஒழுகுகிறது என்று முதலில் பாருங்கள். பின்பக்கம் நின்று பார்த்தால் தெரியும். அடியில் விசிறி மாதிரி பரந்து வந்தால் அடிச்சட்டம். மூலையில் மட்டும் பீய்ச்சினால் பக்க ரப்பரும் அடி ரப்பரும் சந்திக்கிற இடத்தில் வெட்டு சேரவில்லை. பக்கவாட்டில் நெடுக்க வழிந்தால் காடியின் தளம் முறுக்கியிருக்கிறது.

அடி ஒழுகலுக்கு முக்காலே மூணு வீசம் காரணம் கல்லும் குப்பையும். கதவை மூடுவதற்கு முன் ஒரு சாண் தூக்கி அரை நிமிடம் விடுங்கள். வேகமாகப் பாயும் தண்ணீரே அடிச்சட்டத்தைக் கழுவிவிடும். அதற்கப்புறம் நிறுத்தாமல் மூடுங்கள். இந்த ஒரு பழக்கத்தால் சரியான ஷட்டர்கள் எத்தனையோ. அப்படியும் நிற்கவில்லை என்றால் அடிச்சட்டத்தை ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கான்கிரீட் தளத்தின் மேல் நேரடியாகக் கதவை உட்கார வைத்திருந்தால் ஒழுகத்தான் செய்யும், இரண்டே வருடத்தில் கான்கிரீட் விளிம்பு பொரிந்துவிடும். தளத்தோடு தளமாக ஒரு சேனலோ தடிமனான பட்டையோ புதைத்திருக்க வேண்டும். தளத்துக்கு மேலே துருத்தினால் குப்பை தேங்கும், கீழே பள்ளமாக இருந்தால் கல் தங்கும்.

ரப்பருக்குக் கடையில் அலையவேண்டாம். குவாரியில் கழித்துப் போட்ட கன்வேயர் பெல்ட் நல்ல சரக்கு. உள்ளே துணி அடுக்கு இருப்பதால் போல்ட் ஓட்டை கிழியாது. ரப்பரின் மேல் 5 மி.மீ. இரும்புப் பட்டை வைத்து, அரையடிக்கு ஒரு போல்ட். பட்டை இல்லாமல் போல்ட்டும் வாஷரும் மட்டும் போட்டால் இரண்டு போல்ட்டுக்கு நடுவில் ரப்பர் அலை அலையாக நெளிந்து, ஒவ்வொரு அலையும் ஒரு ஒழுகல் வாய் ஆகிவிடும்.

தண்ணீர் நிற்கும்போதே உடனடியாக அடைக்கவேண்டுமா? உமியும் சாம்பலும் கலந்து, கதவின் முன்பக்கம் ஒழுகும் இடத்துக்கு நேராகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். தண்ணீரே இழுத்துக்கொண்டுபோய் சந்தில் செருகிவிடும். கதவைத் திறக்கும்வரை தாங்கும், அவ்வளவுதான்.

கடலோரத்துக்குப் பக்கத்து வாய்க்கால்களில் வேறொரு சங்கடம் உண்டு. கடல் ஏறும்போது பின்பக்கத்திலிருந்து உப்புத் தண்ணீர் முட்டும். ஒரே பக்கம் ரப்பர் வைத்த கதவு அப்போது காடியிலிருந்து விலகி, பிளந்த வாயாக நிற்கும். அங்கே இரண்டு பக்கமும் ரப்பர் வைக்கவேண்டும், அல்லது கதவு கடைசி இரண்டு அங்குலம் இறங்கும்போது அதை நெருக்குகிற மாதிரி ஆப்பு வைக்கவேண்டும்.

ஸ்பிண்டில் வளைந்துவிட்டது

எப்போது வளைந்தது என்று கேட்டால் "தூக்கும்போது" என்பார்கள். நம்பாதீர்கள். தூக்கும்போது ராடு இழுபடுகிறது. இழுபடும் ராடு நிமிரும், வளையாது. வளைவது எப்போதும் மூடும்போதுதான். அடியில் கட்டையோ கல்லோ சிக்கியிருக்கும், கதவு அதன் மேல் உட்கார்ந்துவிடும், மேலே இருப்பவருக்கு அது தெரியாமல் இன்னும் சுற்றுவார்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஐப்பசி மழையில், ராத்திரி பத்து மணிக்கு ஒரு பெரியவர் கூப்பிட்டார். போய் நின்றால், 25 மி.மீ. ராடு வில்லாக வளைந்து கிடக்கிறது. ஹேண்டிலில் ஒரு கெஜத்துக்கு மேல் நீளமான ஜிஐ குழாயைச் செருகி இரண்டு பேர் மாறி மாறித் தள்ளியிருக்கிறார்கள்.

"ஏன் பெரியப்பா, குழாய் போட்டு முறுக்கினீங்களா?"

"பின்ன? மூடமாட்டேன்னுச்சு. வயல்ல நாத்து முழுகுது, நான் என்ன பண்ணட்டும்?"

டார்ச்சைக் கீழே அடித்துப் பார்த்தால் கதவுக்கடியில் நெய்வேலிக் காட்டாமணக்குத் தண்டு, கட்டைவிரல் கனம், பாம்பு மாதிரி சுருண்டு கிடக்கிறது. அதைக் கொக்கியால் இழுத்துப் போட்டதும் கதவு தன் எடைக்கே கொஞ்சம் இறங்கியது.

அந்த நீளக் குழாயில் முப்பது கிலோ விசை கொடுத்தால் திருகு கீழே தள்ளுவது ஐந்து டன்னுக்கு மேல். 25 மி.மீ. ராடு, தாங்கல் இல்லாமல் ஐந்தடி நின்றால், எழுநூறு கிலோவிலேயே வளைந்துவிடும். 32 மி.மீ. போட்டால் இரண்டு டன்வரை தாங்கும். ஏழு மி.மீ. கனம் கூடியதற்கு மூன்று மடங்கு வலு. அல்லது அதே ராடுக்கு நடுவில் சுவரிலிருந்து ஒரு கைடு பிராக்கெட் நீட்டிவிடுங்கள். தாங்கல் இல்லாத நீளம் பாதியானால் வலு நாலு மடங்கு. பழைய ஷட்டரில் மிக மலிவான வைத்தியம் இதுதான்.

முன்னே சொன்ன உராய்வுக் கணக்கு இங்கேயும் வரும். பிளாஸ்டிக் பட்டை போட்ட கதவு தன் 70 கிலோவால் ஏறக்குறையத் தானே இறங்கும், திருகு 20 கிலோ தள்ளினால் போதும். இரும்போடு இரும்பு உரசும் கதவை 150 கிலோவுக்கு மேல் தள்ளவேண்டும். ராடு வளைவதற்கான வினை காடியிலேயே விதைத்தாகிவிட்டது.

வளைந்த ராடைச் சூடு காட்டி நிமிர்த்தித் திரும்ப மாட்டாதீர்கள். கண்ணுக்கு நேராகத் தெரியும், நட்டுக்குள் போனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் கவ்வும். அது நட்டைத் தின்றுவிடும்.

திறந்து வைத்தது தானாக இறங்குகிறது

ஒற்றைப் புரித் திருகு தானாக இறங்காது. 40க்கு 7 புரியில் சரிவு மூன்றரை டிகிரிதான், உராய்வே பிடித்துக்கொள்ளும். இறங்குகிறது என்றால் மூன்றில் ஒன்று: நட்டின் புரி தேய்ந்து மழுங்கிவிட்டது, யாரோ சீக்கிரம் ஏறட்டும் என்று இரட்டைப் புரி ராடு போட்டிருக்கிறார்கள், அல்லது அது திருகே இல்லை, சங்கிலியோ ரோப்போ சுற்றும் டிரம். நட்டு இரும்பாக இருந்தால் கன்மெட்டல் (வெண்கல வகை) நட்டு மாற்றுங்கள். ராடைவிட நட்டு மென்மையான உலோகமாக இருந்தால், தேய்வது மலிவான பொருளாக இருக்கும். சங்கிலி ஷட்டருக்குப் பல்சக்கரமும் பூட்டும் கட்டாயம். 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையில் சங்கிலி அறுந்து ஒரு மதகே போனது நினைவிருக்கும். நம் வாய்க்கால் சங்கிலி அவ்வளவு பெரியதில்லை, ஆனால் அடியில் கை வைத்துக் குப்பை எடுக்கிறவன் விரலுக்கு இதுவே போதும். குப்பை எடுக்கும்போது கதவுக்கடியில் ஒரு கட்டையைக் குறுக்கே முட்டுக் கொடுங்கள்.

கதவு உறுமுகிறது, கைப்பிடிச் சுவர் வரை அதிர்கிறது

ஒன்று இரண்டு செ.மீ. மட்டும் திறந்து வைத்தால் வரும் சத்தம் இது. அடியில் ரப்பர் நாக்கு தொங்கினால் அது தண்ணீரில் படபடக்கும். அல்லது, கதவின் அடி விளிம்போடு சேர்த்துப் பின்பக்கம் ஆங்கிள் வைத்திருப்பார்கள். பாயும் தண்ணீர் அந்த அகலமான அடியில் ஒட்டுவதும் விடுவதுமாக இருக்கும். அடி விளிம்பு பிளேட்டின் கனம் மட்டும் இருக்கட்டும். விளிம்பிலிருந்து பின்னால் மேல்நோக்கி 45 டிகிரியில் ஒரு கோடு போட்டால், முதல் ஆங்கிள் அந்தக் கோட்டுக்கு மேலே நிற்க வேண்டும். இப்போதைக்குத் தப்பிக்க, இன்னும் இரண்டு அங்குலம் திறந்து, திறக்கும் நேரத்தைக் குறையுங்கள்.

அளவு வைத்துத் திறந்தாலும் தண்ணீர் கூடுகிறது, குறைகிறது

இது ரிப்பேர் இல்லை, ஷட்டரைப் போட்ட இடத்தின் கதை. இரண்டடி அகல ஷட்டர், பத்து செ.மீ. திறப்பு, முன்னால் 60 செ.மீ. தண்ணீர், பின்னால் தடையில்லை என்றால் வினாடிக்கு நாலேகால் கன அடிக்குக் கொஞ்சம் மேல் போகும். முன்னால் தண்ணீர் பத்து செ.மீ. இறங்கினால் இது ஒன்பது சதவீதம்தான் குறையும். அதுவே மடையில் பலகை போட்டு, பலகைக்கு மேலே 20 செ.மீ. வழியவிட்டால், அதே பத்து செ.மீ. இறக்கத்துக்கு அறுபத்தைந்து சதவீதம் போய்விடும். ஆகவே கிளை வாய்க்கால் வாயில் அடியில் திறக்கும் ஷட்டர், தாய் வாய்க்காலின் குறுக்கே மேலே வழியும் பலகை. வழியும் பலகை தாய் வாய்க்காலின் மட்டத்தை நிலையாக வைக்கும், அடியில் திறக்கும் ஷட்டர் மிச்ச ஆட்டத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. பல இடங்களில் இதைத் தலைகீழாகக் கட்டியிருக்கிறார்கள். அங்கே லஸ்கர் ராத்திரி பகலாகச் சைக்கிளில் அலைவார்.

இடம் சரியாக இருந்தும் குறைந்தால் கீழ்ப்பக்கம் போய்ப் பாருங்கள். கோரையும் ஆகாயத்தாமரையும் மண்டிப் பின்னால் தண்ணீர் தேங்கினால், இரண்டு பக்க மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் தள்ளும். அந்த வித்தியாசம் பத்து செ.மீ. ஆகிவிட்டால் நாலேகால் கன அடி ஒன்றே முக்கால் ஆகிவிடும். ஷட்டரை எவ்வளவு பழித்தாலும் தூர் வாரினால்தான் தண்ணீர் வரும்.

திறப்பைச் சுற்றுக் கணக்கில் வைப்பவர்கள், நட்டின் தொய்வு மூன்று நாலு மி.மீ., ரப்பர் அமுங்கல் இரண்டு மி.மீ. என்று கழித்துக்கொள்ளுங்கள். பத்து செ.மீ. திறப்பில் அது பெரிதில்லை. இரண்டு செ.மீ. திறப்பில் கால் பங்கு.

பின்பக்கம் பள்ளம் பறிக்கிறது, சுவர் ஓரம் ஊற்று வருகிறது

மற்றதெல்லாம் அடுத்த வாரம் பார்க்கலாம், இதைப் பார்க்க முடியாது. கதவுக்கடியில் பாயும் தண்ணீர் வினாடிக்கு மூன்று மீட்டருக்கு மேல் வேகம். தளம் முடிகிற இடத்தில் அந்த வேகம் அடங்காமல் போனால் மண்ணைத் தோண்டும். தோண்டிய பள்ளம் பின்னோக்கி நகர்ந்து தளத்துக்கடியில் புகும். முக்கொம்பு மேலணையில் 2018 ஆகஸ்ட் 22 இரவு கொள்ளிடம் பக்கம் 45 ஷட்டரில் 9 போயின, அவற்றைத் தாங்கிய தூண்களும் மேல்பாலமும் சேர்ந்து. ஆர்தர் காட்டன் 1836ல் கட்டியது. ஷட்டர் எத்தனை கெட்டியாக இருந்தாலும் அதைத் தாங்குவது அடியில் இருக்கிற மண்தான்.

ஊற்று வந்தால் ஒரு கை அள்ளிப் பாருங்கள். தெளிவாக வந்தால் கண்காணிக்கலாம். கலங்கி வந்தால் உள்ளே மண் நகர்கிறது, பொழுது விடிய விடாதீர்கள். முதலில் மேலே தண்ணீர் மட்டத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். ஊற்று வாயின் மேல் மூட்டையைப் போட்டு அடைக்காதீர்கள், அது வேறு இடத்தில் பொத்துக்கொள்ளும். ஊற்றைச் சுற்றி மணல் மூட்டையால் உறைகிணறு மாதிரி வட்டம் கட்டி, உள்ளே தண்ணீர் ஏறவிடுங்கள். ஏறும் தண்ணீரின் எதிர்ப்பில் கலங்கல் நிற்கும். அடைக்க வேண்டிய வாயை முன்பக்கம் தேடுங்கள். இறக்கைச் சுவர் ஓரமாக நண்டு வளை இருக்கும், எங்கள் பக்கத்தில் பாதிக் கேஸ் நண்டுதான். வளையைத் தோண்டி, களிமண்ணைத் தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்கவேண்டும்.

புதிதாகக் கட்டுபவர்கள் தளத்தின் நீளத்தோடு, தளத்தின் ஓரத்தில் மண்ணுக்குள் இறங்கும் குத்துச்சுவரின் ஆழத்தையும் கணக்குப் பாருங்கள். பொடிமணலில் மட்ட வித்தியாசத்தைப்போல ஏழு மடங்கு ஊர்வழி, அதாவது தளத்துக்கடியில் தண்ணீர் ஊர்ந்து வரும் பாதை, வேண்டும். 60 செ.மீ. வித்தியாசத்துக்கு 4.2 மீட்டர். குத்தாக இறங்கி ஏறுவதை முழுசாகவும், கிடையாகப் போவதை மூன்றில் ஒன்றாகவும் எண்ணவேண்டும். மூன்று மீட்டர் தளத்துக்கு ஒரு மீட்டர்தான் கணக்கு. மீதி 3.2க்கு முன்னும் பின்னும் 80 செ.மீ. ஆழக் குத்துச்சுவர் இரண்டு. இந்த இரண்டு சுவரையும் மிச்சம் பிடித்துத் தளத்துக்கு மேலே டைல்ஸ் ஒட்டியவர்களைக்கூடப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு வருடத்தில் அடி அரித்துவிட்டது

பின்பக்கக் கிடை ஆங்கிளைப் பாருங்கள். நிமிர்ந்த விளிம்பு மேல்நோக்கி இருந்தால் அது ஒரு தொட்டி. சேறும் ஈரமும் அதிலேயே கிடந்து பிளேட்டைத் தின்னும். விளிம்பைக் கீழ்நோக்கித் திருப்பி வையுங்கள். முடியாவிட்டால் அரையடிக்கு ஒரு 20 மி.மீ. ஓட்டை. ஆங்கிளைப் புள்ளி புள்ளியாக வெல்டிங் வைக்காமல் முழுசாக ஓட்டுங்கள். சந்துக்குள் பெயின்ட் போகாது, தண்ணீர் போகும்.

ஹேண்டிலும் நட்டும் காணோம்

கன்மெட்டல் நட்டுக்குப் பழைய இரும்புக் கடையில் நல்ல விலை. இதைத் தெரியாமல் நான் அழகாக மேலே தெரிகிற மாதிரி நட்டு வைத்துக் கொடுத்த ஒரு ஷட்டரில் முதல் கோடையிலேயே அதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது நட்டை இரும்புக் கூட்டுக்குள் வைத்து மேல்மூடியை வெல்டிங் அடித்துவிடுகிறேன். கிரீஸ் போட ஒரு நிப்பிள் மட்டும் வெளியே. ஸ்பிண்டிலின் மேல் பகுதிக்கு ஒரு பக்கம் மூடிய பிவிசி குழாய், தூசும் மழையும் புரியில் படாது. ஹேண்டிலை நிரந்தரமாக மாட்டுவதில்லை. தலையைச் சதுரமாக வெட்டிவிட்டு, அதற்கான சாவிக்கை இரண்டு செய்து, ஒன்றைப் பாசன சங்கத் தலைவர் வீட்டில், இன்னொன்றைக் கடைமடைக்காரர் ஒருவர் வீட்டில் கொடுக்கச் சொல்வேன். இரண்டையும் மேல்மடையில் கொடுத்த ஊரில், ஷட்டர் திறக்கவே இல்லை என்று எனக்குத்தான் போன் வந்தது.